த்ரெட்டைக் கொல்லும் அழைப்பும் அது விட்டுப்போகும் பூட்டுகளும்

ஒரு புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை ஓட்டம்தான் த்ரெட். விண்டோஸின் உள்மையமான கெர்னலுக்குள் டிரைவர் எழுதுகிறவர்கள் ஒரு சிஸ்டம் த்ரெட்டை முடிக்க அழைக்கும் ஃபங்ஷனின் பெயர் பிஎஸ்-டெர்மினேட்-சிஸ்டம்-த்ரெட். அதற்கு ஒரே ஒரு ஆர்க்யுமென்ட்தான்: எந்த நிலையில் முடிந்தது என்று சொல்லும் எண். எந்த த்ரெட்டை முடிக்க வேண்டும் என்று சொல்ல அதில் இடமே கிடையாது. அழைக்கிற த்ரெட் எதுவோ அதுதான் முடியும். டிரைவர் தொடங்கிய வேறொரு த்ரெட் நிற்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு சைகை கொடுத்துவிட்டு, அது தானாகவே முடிகிறவரை காத்திருக்க வேண்டும்.

லினக்ஸ் கெர்னலிலும் இதே கதைதான். கேத்ரெட்-ஸ்டாப் என்ற பெயரைப் பார்த்தால் அது த்ரெட்டை நிறுத்திவிடும் என்று தோன்றும். உண்மையில் அது ஒரு கொடியை ஏற்றிவைக்கிறது, தூங்கிக்கொண்டிருக்கும் த்ரெட்டை எழுப்புகிறது, அப்புறம் காத்திருக்கிறது. அந்த த்ரெட் தன் லூப்பில் 'நான் நிற்க வேண்டுமா' என்று அவ்வப்போது கேட்டு, ஆமாம் என்று தெரிந்ததும் தானே திரும்பிப் போக வேண்டும். கேட்காமலே ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்த வந்தவரும் காத்துக்கொண்டே இருப்பார்.

இரண்டு கெர்னல்களையும் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு மரபுகளில் வந்தவர்கள். தங்கள் சொந்த வீட்டுக்குள் இரண்டு தரப்பும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: ஒரு த்ரெட் இன்னொரு த்ரெட்டைப் பாதியில் வெட்டக்கூடாது.

கெர்னலுக்கு வெளியே சாதாரண புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் விண்டோஸ் டெர்மினேட்த்ரெட் என்ற ஒன்றைக் கொடுத்து வைத்திருக்கிறது. த்ரெட்டைக் குறிக்கும் ஹேண்டிலும், முடிவு நிலையைச் சொல்லும் எக்ஸிட் கோடு என்ற எண்ணும் கொடுத்தால் போதும். மைக்ரோசாஃப்டின் ஆவணமே இதை ஆபத்தான ஃபங்ஷன் என்று சொல்கிறது. வேறு வழியே இல்லாத நிலையில் மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது. இருந்தும் வருடக்கணக்காக நான் பார்த்துவரும் விண்டோஸ் புரோகிராம்களில் இது திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. திரும்பி வராத ஒரு அழைப்பில் த்ரெட் மாட்டிக்கொண்டிருக்கிறது, வாடிக்கையாளர் போனில் இருக்கிறார், ஆவணத்தில் இப்படி ஒரு ஃபங்ஷன் கண்ணில் படுகிறது என்றால் யாருக்கும் கை நீளத்தான் செய்யும். ஆனால் அது என்ன செய்கிறது என்பதை உள்ளே போய்ப் பார்த்தவர்கள் அதன் பக்கம் மறுபடி போக மாட்டார்கள் என்று நம்புகிறேன். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

டெர்மினேட்த்ரெட் வெறும் வாசல்தான். அது என்டிடிஎல்எல் என்ற விண்டோஸ் நூலகத்தில் இருக்கும் என்டி-டெர்மினேட்-த்ரெட் என்ற சிஸ்டம் காலை, அதாவது கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பைக் கூப்பிடும், அது கெர்னலுக்குள் போகும். உள்ளே போனதும் கெர்னல் அந்த த்ரெட்டை அந்தக் கணமே அழிப்பதில்லை. இலக்கு த்ரெட்டின் வரிசையில் ஒரு ஏபிசியைப் போட்டுவைக்கிறது. ஏபிசி என்பது 'நீ அடுத்து ஓடும்போது உன் சொந்த ஸ்டாக்கில் இந்த வேலையையும் செய்' என்று ஒரு த்ரெட்டுக்கு எழுதிவைக்கும் சீட்டு. இங்கே சீட்டில் இருக்கும் வேலை, தன்னைத் தானே முடித்துக்கொள்வது. இலக்கு த்ரெட் சஸ்பெண்ட் ஆகியிருந்தால் அதை வலுக்கட்டாயமாக ஓடவிடுவார்கள், இந்தச் சீட்டைப் படிப்பதற்காக. அந்த த்ரெட் ஏதோ ஒரு சிஸ்டம் காலின் நடுவில் கெர்னலுக்குள் இருந்தால், அது கெர்னலை விட்டுப் பயனர் பக்கம் திரும்பும் எல்லைக்கு வந்த பிறகுதான் முடிவு நடக்கும்.

இதை முதலில் புரிந்துகொண்டபோது எனக்குப் பெரிய வியப்பு. ஒரே தரவை இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொடாதபடி காப்பவை பூட்டுகள். கெர்னல் தன் பூட்டுகளை எவ்வளவு கவனமாகக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பாருங்கள். கெர்னலுக்குள் ஒரு த்ரெட் பூட்டு எதையாவது பிடித்திருந்தால் அதை விடுவித்து, வேலையை ஒழுங்காக முடித்து, எல்லைக்கு வரும்வரை யாரும் அதைத் தொட மாட்டார்கள். பயனர் பக்கத்தில் நம் புரோகிராம் கோடு பிடித்திருக்கும் பூட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எந்த இன்ஸ்ட்ரக்ஷனில் இருந்தோமோ அந்த இடத்திலேயே வெட்டு.

கெர்னல் காட்டும் இந்தப் பொறுமைக்கு இன்னொரு விளைவும் உண்டு. மோசமாக எழுதப்பட்ட ஒரு டிரைவர், முடியாத ஒரு ஐஓ (உள்ளீடு-வெளியீடு) கோரிக்கையைப் பிடித்துவைத்துக்கொண்டு எல்லைக்குத் திரும்பவிடாமல் செய்தால், டெர்மினேட்த்ரெட் வெற்றி என்று பதில் சொல்லும், த்ரெட் மட்டும் சாகாது. டாஸ்க் மேனேஜரில் எத்தனை முறை முடித்தாலும் போகாத பிராசஸ்களை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை, நீங்களும் பார்த்திருப்பீர்கள். லினக்ஸில் அதற்குச் சமமானது பிராசஸ்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் 'டி' நிலையில், அதாவது சிக்னலால் எழுப்ப முடியாத தூக்கத்தில், நிற்கும் பிராசஸ். 2008-இல் வந்த 2.6.25 கெர்னலில் டாஸ்க்-கில்லபிள் என்ற நிலையைச் சேர்த்த பிறகு, நெட்வொர்க் வழியே ஃபைல் தரும் என்எஃப்எஸ் சர்வர் காணாமல் போன நேரத்தில் மாட்டிக்கொள்ளும் சில பிராசஸ்களையாவது கொல்ல முடிகிறது.

சரி, பூட்டுக்கு வருவோம்.

விண்டோஸில் பெரும்பாலோர் பயன்படுத்தும் கிரிட்டிகல் செக்ஷன் என்பது பிராசஸின் சொந்த நினைவகத்தில் இருக்கும் சின்ன ஸ்ட்ரக்சர். யார் பிடித்திருக்கிறார்கள், எத்தனை முறை, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற விவரங்கள் அதற்குள் இருக்கும். போட்டி இல்லாதபோது பூட்டுவதும் திறப்பதும் கெர்னலுக்குத் தெரியவே தெரியாது. வேகமாக இருப்பதே அதனால்தான். அதனால்தான் த்ரெட் செத்ததும் அதைத் திறந்துவிட யாரும் இல்லை. உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவர் அறைக்குள்ளேயே மாயமாகிவிட்டால் வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் என்ன செய்வார்கள்? நின்றுகொண்டே இருப்பார்கள்.

கெர்னலே நிர்வகிக்கும் பூட்டான மியூட்டெக்ஸ் வேறு மாதிரி. அதன் சொந்தக்காரர் யார் என்று கெர்னலுக்குத் தெரியும். பிடித்த த்ரெட் செத்துப்போனால் அடுத்துக் காத்திருப்பவருக்கு 'வெயிட்-அபாண்டன்ட்' என்ற தனிப் பதிலோடு அது கிடைக்கும். பூட்டு கிடைத்தது, உள்ளே இருக்கும் தரவுக்கு நான் பொறுப்பில்லை என்று அதற்கு அர்த்தம். அந்தப் பதிலைத் தனியாகக் கவனித்துக் கையாளும் கோடு நான் பார்த்தவரை மிகக் குறைவு.

நம் பூட்டுகளை நாமே கவனமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் வாதாடலாம். நான் எழுதிய ஃபங்ஷனுக்குள் எந்தப் பூட்டும் கிடையாது, அதனால் எனக்குப் பயமில்லை என்று. இந்த வாதம் நிற்காது, ஏனென்றால் நமக்குத் தெரியாத பூட்டுகள்தான் அதிகம். நினைவகம் கேட்கும் ஒவ்வொரு அழைப்பும், பிராசஸுக்கு நினைவகம் பங்கிட்டுத் தரும் பொதுக் கிடங்கான ஹீப்பின் பூட்டை எடுக்கக்கூடும். ஒரு ஸ்ட்ரிங்கை இன்னொன்றோடு ஒட்டினாலே ஹீப். டிஎல்எல் என்ற நூலக ஃபைலை ஏற்றும்போது லோடர் பூட்டு. பிரின்ட்எஃப் அழைத்தால் சி ரன்டைமின் ஃபைல் பூட்டு. இவை மொத்த பிராசஸுக்கும் பொதுவானவை. இதில் ஒன்றைப் பிடித்தபடி ஒரு த்ரெட் செத்தால், அதற்குச் சம்பந்தமே இல்லாத த்ரெட்களும் ஒவ்வொன்றாக வந்து அங்கே நின்றுவிடும்.

அப்படி நின்றுபோன ஒன்றை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கார்டு ரீடர் ஒன்றோடு பேசும் விண்டோஸ் சர்வீஸ். ரீடரோடு வந்த டிஎல்எல் எப்போதாவது பதில் சொல்லாமல் தொங்கிவிடும். அதற்காக ஒரு காவல் த்ரெட் வைத்து, குறித்த நொடிகளுக்குள் பதில் வராவிட்டால் வேலைசெய்யும் த்ரெட்டை டெர்மினேட்த்ரெட் செய்து புதியதைத் தொடங்கும்படி எழுதியிருந்தார்கள். பெரும்பாலான நாட்களில் இது அழகாக ஓடியது. எப்போதாவது ஒரு நாள் சர்வீஸ் உறைந்துவிடும். சிபியு பூஜ்யம், லாக் ஃபைலில் புதிய வரி எதுவும் இல்லை, பிராசஸ் மட்டும் உயிரோடு இருக்கும். உறைவது ரீடர் தொங்கியபோது அல்ல, அதற்குச் சில நிமிடங்கள் கழித்து, ரீடருக்குத் தொடர்பே இல்லாத ஒரு இடத்தில். அதனால் எல்லாரும் நெட்வொர்க்கையும் லாக் எழுதும் பகுதியையும் சந்தேகப்பட்டார்கள்.

பிராசஸின் நினைவகத்தை அப்படியே டம்ப் எடுத்து, விண்டிபிஜி என்ற டீபக்கரில் திறந்து, எல்லா த்ரெட்களின் ஸ்டாக்கையும் (எந்த ஃபங்ஷனுக்குள் நிற்கிறது என்ற குறிப்பையும்) வரிசையாகப் பார்த்தோம். லாக் எழுத வந்தது, நெட்வொர்க் பாக்கெட்டைப் பிரிக்க வந்தது, டைமர் என்று பாதிக்கு மேற்பட்டவை ஹீப் பூட்டுக்காகக் காத்திருந்தன. பூட்டின் சொந்தக்காரர் என்று எழுதியிருந்த த்ரெட் எண்ணைப் பட்டியலில் தேடினோம். அப்படி ஒரு த்ரெட்டே இல்லை. ரீடர் டிஎல்எல் நினைவகம் கேட்டுக்கொண்டிருந்த சில மைக்ரோ நொடிகளில் வெட்டு விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகும் அந்த ஹீப்பின் பூட்டு தேவைப்படாத சின்னச் சின்னக் கோரிக்கைகள் நிறைவேறிக்கொண்டே இருந்ததால் உறைவதற்குச் சில நிமிடங்கள் பிடித்தன.

இதைவிட எனக்குப் பயம் தருவது வேறொன்று. விண்டோஸ் த்ரெட் எண்களைத் திரும்பப் பயன்படுத்தும். செத்த த்ரெட்டின் எண் சில நிமிடம் கழித்துப் புதிதாகப் பிறக்கும் த்ரெட்டுக்குக் கிடைக்கலாம். கிரிட்டிகல் செக்ஷனுக்குள் சொந்தக்காரரை அடையாளம் காண்பது அந்த எண்ணை வைத்துத்தான். ஒரே த்ரெட் ஒரே பூட்டை மறுபடி எடுக்கலாம் என்பதும் விதி. ஆக, அந்தப் புதிய த்ரெட் பூட்டைக் கேட்டால் 'நீதானே ஏற்கெனவே வைத்திருக்கிறாய், போ' என்று உள்ளே விட்டுவிடும். பாதியில் அறுந்த லிங்க்டு லிஸ்ட்டின் மேல் அது தெரியாமல் நடக்கும். உறைந்துபோனால் குறைந்தபட்சம் தெரியும். இது சத்தமில்லாமல் தரவைக் கெடுக்கும்.

மற்ற இழப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். த்ரெட் முடிகிறது என்று டிஎல்எல்களுக்குப் போக வேண்டிய அறிவிப்பு போகாது, அதனால் அவை அந்த த்ரெட்டுக்காக வைத்திருந்தவை அப்படியே கிடக்கும். துப்புரவு செய்யும் சி++ டிஸ்ட்ரக்டர்கள் ஓடாது. எக்ஸ்பி, சர்வர் 2003 காலத்தில் செத்த த்ரெட்டின் ஸ்டாக்கைக்கூட விடுவிக்க மாட்டார்கள். விஸ்டாவிலிருந்து அது சரியானது.

லினக்ஸில் இந்தக் கதவையே வைக்கவில்லை. இன்னொரு த்ரெட்டை மட்டும் கொல்ல அங்கே சிஸ்டம் கால் எதுவும் கிடையாது. டிஜி-கில் மூலம் குறிப்பிட்ட த்ரெட்டுக்கு சிக்னல் அனுப்பலாம், ஆனால் சிக்-கில் போன்ற உயிர்போகும் சிக்னலை அனுப்பினால் மொத்த பிராசஸும் போய்விடும். எக்ஸிட் என்ற சிஸ்டம் கால் அழைத்த த்ரெட்டை மட்டும் முடிக்கும், எக்ஸிட்-குரூப் எல்லாவற்றையும் முடிக்கும். அவ்வளவுதான் தேர்வு.

யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் பிதிரெட்-கேன்சல் என்று ஒரு நடுவழி உண்டு. கோட்பாட்டில் எனக்குப் பிடித்த வழி இது. முன்னிருப்பாக, ரத்துக் கோரிக்கை வந்ததும் த்ரெட் சாகாது. ரீட், ஸ்லீப் போன்ற குறிப்பிட்ட சில இடங்களுக்கு வரும்போதுதான் அது கவனிக்கும், அங்கேயும் முன்கூட்டிப் பதிந்துவைத்த துப்புரவு ஃபங்ஷன்களை ஓட்டிவிட்டுத்தான் முடியும். கெர்னல் தனக்கு வைத்துக்கொண்ட ஒழுங்கைப் பயனர் பக்கத்துக்கும் கொண்டுவரும் முயற்சி என்று சொல்லலாம்.

நடைமுறையில் சிக்கல். ஓப்பன் என்ற அழைப்பு கெர்னலில் வெற்றிகரமாக முடிந்து, ஃபைல் எண் கையில் வந்து, நம் கோடு அதை ஒரு மாறியில் போடுவதற்குள் ரத்து நடந்தால் அந்த ஃபைல் யாருக்கும் சொந்தமில்லாமல் திறந்தே கிடக்கும். மஸ்ல் என்ற சி நூலகம் இதை அழகாகக் கையாள்கிறது. ரத்து சிக்னல் வந்த கணத்தில் புரோகிராம் கவுண்டர் எந்த முகவரியில் நிற்கிறது என்று பார்க்கிறது. சிஸ்டம் கால் இன்ஸ்ட்ரக்ஷனைத் தாண்டிவிட்டதா, இன்னும் இல்லையா என்பதை அதை வைத்தே முடிவுசெய்கிறது. ஒரு சில பைட் இடைவெளிக்காக இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது அந்த நூலகத்தின் மேல் மரியாதை கூடுகிறது. லினக்ஸில் பரவலாக இருக்கும் சி நூலகமான ஜிலிப்சியில் சி++ கோடு எழுதினால் இன்னொரு தொல்லை: ரத்து ஒரு எக்ஸெப்ஷன் போல ஸ்டாக்கில் மேலேறி வரும், வழியில் யாராவது எல்லாவற்றையும் பிடிக்கும் கேட்ச் போட்டு அதை விழுங்கிவிட்டால் பிராசஸே அபார்ட் ஆகும். ஆண்ட்ராய்டின் பயோனிக் நூலகத்தில் பிதிரெட்-கேன்சலே கிடையாது.

ஜாவா சொல்லும் பாடம் வேறு கோணத்திலிருந்து. பூட்டைத் திறந்துவிடாமல் சாவதுதானே பிரச்சினை, திறந்துவிட்டுச் செத்தால் சரியாகிவிடுமே என்று கேட்கலாம். த்ரெட்-ஸ்டாப் அதைத்தான் செய்தது. எந்த இடத்தில் இருந்தாலும் அங்கே த்ரெட்டெத் என்ற எக்ஸெப்ஷனை எறியும், அது மேலேறும் வழியில் பிடித்திருந்த மானிட்டர்கள் (ஜாவாவின் பூட்டுகள்) எல்லாம் வரிசையாகத் திறக்கும். விளைவு? ஒரு கணக்கிலிருந்து பணம் கழிந்து இன்னொன்றில் ஏறாத நிலையில் பூட்டு திறந்துகொள்ளும், காத்திருந்த மற்ற த்ரெட்கள் உள்ளே வந்து அந்தப் பாதித் தரவை முழுத் தரவு என்று நம்பும். விண்டோஸ் வழியில் உறைவு, ஜாவா வழியில் பொய்த் தரவு. இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் உறைவைத்தான் சொல்வேன். 1998-இல் வந்த ஜாவா 1.2-இலேயே ஸ்டாப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்று குறித்துவிட்டார்கள். 2023-இல் ஜாவா 20 வந்தபோதுதான் அது, அழைத்தவரிடமே 'ஆதரவில்லை' என்று எக்ஸெப்ஷன் எறிவதைத் தவிர வேறெதுவும் செய்யாத நிலைக்குப் போனது. இடையில் கால் நூற்றாண்டு.

பூட்டைத் திறப்பதா வேண்டாமா என்பது மேலோட்டமான கேள்வி என்பதை இது காட்டுகிறது. பூட்டு ஒரு வாக்குறுதியின் அடையாளம்: நான் உள்ளே இருக்கும்வரை தரவு முன்பின்னாக இருக்கும், வெளியே வரும்போது சரியாக இருக்கும் என்ற வாக்குறுதி. அது என்ன வாக்குறுதி என்று அந்தக் கோடுக்கு மட்டும்தான் தெரியும். கெர்னலுக்குத் தெரிந்ததெல்லாம் ரெஜிஸ்டர்கள், ஸ்டாக், ஹேண்டில்கள். நினைவகத்தையும் ஹேண்டில்களையும் முழுசாகக் கணக்குவைத்து, யாரும் உதவாமல் துடைத்துச் சுத்தம்செய்யக் கெர்னலால் முடிகிற அளவு ஒன்று உண்டு. அது பிராசஸ். வெளியிலிருந்து கொல்லும் உரிமை அந்த அளவில்தான் அர்த்தமுள்ளதாக இருக்கிறது.

த்ரெட் அளவில் மிச்சமிருப்பது கேட்டுக்கொள்வது மட்டும். கேட்பதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒரு பூலியன் கொடியை மட்டும் ஏற்றிவைத்தால் ரீடில் தூங்கிக்கொண்டிருக்கும் த்ரெட் அதைப் பார்க்காது. விண்டோஸில் காத்திருக்கும் இடங்களில் எல்லாம் வேலைக்கான ஹேண்டிலோடு நிறுத்தத்துக்கான ஈவென்ட்டையும் சேர்த்துக் காத்திருக்கலாம். ஐஓவில் மாட்டிக்கொண்ட த்ரெட்டுக்கு விஸ்டா முதல் கேன்சல்-சிங்க்ரனஸ்-ஐஓ இருக்கிறது. அது அந்த ஐஓவை மட்டும் ரத்துசெய்யும், த்ரெட் பிழைப் பதிலோடு நம் கோடுக்கே திரும்பி வரும். டெர்மினேட்த்ரெட்டைத் தேடி வருகிற பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான் என்பது என் அனுபவம். லினக்ஸில், த்ரெட் 'poll' அழைப்பில் காத்திருக்கும் பட்டியலில், எழுப்புவதற்கென்று ஈவென்ட்எஃப்டி ஒன்றையும் சேர்த்துவிட்டால் போதும். சி++20, நிற்கக் கேட்டுக்கொள்வதற்கான ஸ்டாப்-டோக்கனை மொழியின் நூலகத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு த்ரெட் வைத்திருக்கிறது, ஆனாலும் அதன் கில் கட்டளை எந்த த்ரெட்டையும் வெட்டுவதில்லை. அந்த இணைப்பின் விவரத்தில் ஒரு கொடி ஏறுகிறது, கேள்வியை ஓட்டும் கோடு வரிசைகளுக்கு நடுவே அதைப் பார்த்து, செய்ததைத் திரும்பப்பெற்று வெளியேறுகிறது. பெரிய அப்டேட் ஒன்றைக் கில் செய்தபின் அது உடனே போகாமல் ரோல்பேக்கில் நிற்பதைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. அந்தத் தாமதத்தில்தான் தரவு பிழைக்கிறது.

கேட்டாலும் கேட்காத கோடு என்றால், அதாவது கார்டு ரீடர் டிஎல்எல் மாதிரி சோர்ஸ் நம்மிடம் இல்லாதது என்றால், அதைத் தனிப் பிராசஸுக்குள் வைப்பதைத் தவிர வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. அந்தச் சர்வீஸிலும் அதைத்தான் செய்தோம். டிஎல்எல்லை ஏற்றுவதற்கென்று ஒரு சின்ன உதவிப் பிராசஸ். சர்வீஸ் செத்தால் அதுவும் சேர்ந்து சாகும்படி ஒரு ஜாப் ஆப்ஜெக்டுக்குள் அது இருக்கும். தொங்கினால் காவல் த்ரெட் அதை டெர்மினேட்பிராசஸ் செய்யும். ஹீப், பூட்டுகள், ரீடரின் ஹேண்டில் எல்லாம் அதோடு போகும். புதியது எழுந்து ரீடரை மறுபடி திறக்கும்.

இரண்டு பிராசஸுக்கும் நடுவே ஷேர்டு மெமரி வைத்தால் வேகமாக இருக்குமே என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இணைப்புக்கு ஒரு பிராசஸ் (பேக்எண்ட்) வைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஷேர்டு மெமரி வைத்திருக்கிறது. அங்கே ஒரு பேக்எண்டை கில் மைனஸ் 9 போட்டுக் கொன்றால், தலைமைப் பிராசஸான போஸ்ட்மாஸ்டர் மற்ற எல்லா பேக்எண்ட்களையும் வெளியேற்றிவிட்டு, ஷேர்டு மெமரியைப் புதிதாக அமைத்து, லாகிலிருந்து மீட்பை ஓட்டிய பிறகுதான் மறுபடி இணைப்புகளை ஏற்கும். செத்தவர் பொது இடத்தில் எதைப் பாதியில் விட்டுப்போனார் என்று தெரியாதபோது அதுதான் சரியான முடிவு. ஆனால் அது தரவுத்தளம், அதற்கு அந்த வேகம் தேவை. கார்டு ரீடரின் பதில் சில நூறு பைட்தான், அதற்கு இரண்டு பிராசஸுக்கும் நடுவே தரவு கடத்தும் ஒரு பைப் தாராளமாகப் போதும் என்று அப்படியே விட்டுவிட்டோம்.